லாவோஸுக்கு ஒரு கட்டடம்

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ‘நாடு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை அது. நான் அங்கே டிசைனர், பெயர் மணிமொழி. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இந்தச் சுற்றுவட்டாரத்து நல்லது கெட்டது எல்லாம் என் மவுஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

கல்யாண பேனரில் பெண் மாப்பிள்ளையைவிட நண்பர்கள் படம்தான் அதிகம். அதிலும் வெளிநாட்டில் இருக்கும் நண்பனுக்கு மரியாதையே தனி. அவன் படம் மேல் வரிசையில் கொஞ்சம் பெரிதாக, பின்னால் அவன் இருக்கும் நாட்டோடு வர வேண்டும். நாடு என்றால் கட்டடம். துபாய்க்கு ஊசிக் கோபுரம், மலேசியாவுக்கு இரட்டைக் கோபுரம், குவைத்துக்கு நீல உருண்டை வைத்த கோபுரம், சிங்கப்பூருக்குத் தண்ணீர் துப்புகிற சிங்கம். சவூதியில் ஆடு மேய்க்கிறவனுக்கும் பின்னால் ஒரு கண்ணாடி மாளிகையை எழுப்பிவிடுவேன். பேனரைக் கட்டியதும் பையன்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். எந்த நாடு எப்படி என்று அவர்கள் தெரிந்துகொண்டதில் பாதி என் ஃபோல்டரிலிருந்து வந்தது. மீதி ரீல்ஸில் வந்தது.

போன தை மாதம் அருள்மொழி என்கிற பையனின் கல்யாணத்துக்கு பேனர் அடித்தோம். அவன் நண்பன் தமிழழகன் அப்போது லாவோஸில் இருந்தான். என் தம்பி சுபாஷோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். அவனே எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான்.

“அக்கா, என் படத்த மட்டும் நல்லா பெரிசா போடுங்க. லாவோஸ்னு கொட்ட எழுத்துல வரணும். கீழ என் நம்பரு போட்டுடுங்க. பேனர் கட்டுனதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, மறந்துடாதீங்கக்கா.”

கல்யாண பேனரில் எவனாவது ஃபோன் நம்பர் போடுவானா? பவுசு தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

லாவோஸுக்கு என் ஃபோல்டரில் எதுவும் இல்லை. கடைக்கு வந்திருந்த கூட்டாளிகளிடம், “லாவோஸ்ல இன்னாடா இருக்குது?” என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“சிங்கப்பூர் பக்கத்துலதான்கா எங்கனா இருக்கும். எதுனா பெரிய பில்டிங்கா போடு.”

“கடலு வெச்சி போடுக்கா, கெத்தா இருக்கும்.”

லாவோஸில் கடல் கிடையாது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கட்டடத்தை எடுத்தேன். பக்கத்தில் கடலை வைத்தேன். வானத்துக்கு ஊதா நிறம் ஊற்றினேன். நான்கு முனைச் சந்திப்பில் அந்த லாவோஸ் பதினைந்து நாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சுபாஷ் அதைப் பார்த்துவிட்டுத்தான் லாவோஸுக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தான். அவன் அப்போது கோயம்புத்தூரில் லேத் பட்டறை வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். ரிஷிவந்தியம் போகும் வழியில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா சின்னப்பொண்ணு கரும்பு வெட்டுக்குப் போகிறவள். மூங்கில்துறைப்பட்டு ஆலை ஓடுகிற மாதங்களில் அவள் கை முழுக்கக் கரும்பு இலைச் சோகை கிழித்த கோடுகள் இருக்கும்.

“பட்டறைல எந்த ஊருடான்னு கேப்பானுங்கக்கா. கள்ளக்குறிச்சின்னு சொன்னா போதும், சாராய பாக்கெட் இருக்குதான்னு சிரிப்பானுங்க. சாராய ஊரு. நம்ம ஊருன்னா அவனுங்களுக்கு அந்தக் கருணாபுரம் சாராயச் சாவு ஒண்ணுதான். மலை இருக்குது, அருவி இருக்குதுன்னா எவனும் காதுல வாங்கல. வெளிய போனாதான் எனக்கு மரியாத.”

“துபாய்க்குப் போயேன்.”

“துபாய்னா வெயிலு. சவூதின்னா ஆடு மேய்க்க வுட்ருவான். மலேசியாவுல ஓட்டல்ல தட்டு கழுவணும். லாவோஸப் பத்தி யாருனா தப்பா சொல்லி நீ கேட்டிருக்கியா?”

கேட்டதில்லைதான். திரும்பி வந்தவன் இருந்தால்தானே சொல்லுவான். ஆனால் அந்தப் பதில் எனக்கு அப்போது தோன்றவில்லை. கம்ப்யூட்டர் வேலை, ஏசி ரூம், சாப்பாடு இலவசம் என்று தமிழழகன் சொன்னதையெல்லாம் அவன் ஒப்பித்தான். எனக்கு எரிச்சல் வந்து கடைக்கு இழுத்துக்கொண்டு போய் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன்.

“இந்தா, இதான் உன் லாவோஸு. பில்டிங் எந்த ஊருதுன்னு எனக்கே தெரியாது. கடலு வேற எடத்துது. வானம் நான் ஊத்துனது.”

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான்.

“பில்டிங்கு நீ ஒட்டுனது. தமிழழகன் அங்க இருக்கறது நெசந்தான? ஊர்ல இருக்கறவன் எல்லாரையும் ஃபாரின்ல நிக்க வெக்கற. சொந்தத் தம்பின்னா மட்டும் போவாதன்ற.”

அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஃபோல்டரை மூடினேன். சித்திரையில் கிளம்பிப் போனான்.

போய்ச் சேர்ந்த அன்றே ஒரு படம் அனுப்பினான். ‘எங்க கம்பெனி. எவ்ளோ பெரிசு பாரு’ என்று கீழே எழுதியிருந்தான். மஞ்சள் அடித்த ஐந்து மாடிக் கட்டடம், சுற்றிலும் உயரமான மதில், பின்னால் பச்சையாக ஒரு மலை. ‘மலை நம்ம கல்வராயன் மலை மாதிரியே இருக்குதுக்கா’ என்று இன்னொரு செய்தி. அம்மா ஃபோனை வாங்கி மலையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். நான் படங்களோடு பிழைக்கிறவள், கண் வேறு இடத்துக்குப் போனது. ஐந்தாவது மாடி வரைக்கும் ஜன்னலுக்கு ஜன்னல் இரும்புக் கம்பி. மதில் மேல் முள்கம்பி, அது உள்பக்கமாக வளைந்திருந்தது. எங்கள் பக்கம் ரைஸ் மில்லில்கூட முள்கம்பியை வெளிப்பக்கம்தான் சாய்ப்பார்கள். வெளியிலிருந்து வருகிற திருடனுக்காகத்தானே அது.

அதன் பிறகு சில வாரம் பேச்சே இல்லை. ஒரு மத்தியானம் புது நம்பரிலிருந்து கூப்பிட்டான். கிசுகிசுப்பாகப் பேசினான்.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வேலை என்னவென்றால், பெண் மாதிரி ஒரு படத்தை வைத்துக்கொண்டு மற்ற நாட்டுக்காரர்களோடு பேசிப் பழகிப் பணத்தைக் கறப்பது. எந்த நாட்டுக்காரனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பாடம் நடத்துகிறார்களாம். “அமெரிக்கான்னா தனியா இருக்கற கெழவனா பாக்கணும்க்கா. ஜெர்மனிக்காரன்கிட்ட நாய்க்குட்டி பத்தி பேசணும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒண்ணு வெச்சிருக்கானுங்க.” அன்றைக்கு யாரும் மாட்டவில்லை என்றால் சோறு கிடையாது. அடுத்த நாளும் மாட்டவில்லை என்றால் அடி.

“எல்லா நாட்டுப் பசங்களும் இருக்காங்கக்கா. கென்யாக்காரன் ஒருத்தன் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கினு இருக்கான். அவனுக்கும் ஒரு போட்டோதான் வந்துதாம். பெரிய பில்டிங்கு, பக்கத்துல கடலு.”

அதைச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, தூதரகத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். அந்த எழுத்து எந்த ஊர் தாண்டியிருக்கிறதோ தெரியவில்லை. அதற்குள் தமிழழகன் ஊர் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேனரில் நான் வெள்ளையடித்துக் காட்டிய முகம், இப்போது தாடைப்பக்கம் கருத்துப் போயிருந்தது.

“எப்பிடிடா வுட்டாங்க உன்ன?”

நான் திரும்பத் திரும்பக் கேட்டதும் அழுதான். “எனக்கு வேற வழி தெரிலக்கா” என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள்.

மிச்சத்தைச் சுபாஷ்தான் சொன்னான். ஆடி மாதம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். அம்மா பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

“அக்கா, என் பொறந்தநாளு வருதுல்ல, என் படம் போட்டு ஒரு பேனர் கட்டு. பெரிசா லாவோஸ்னு போட்டு என் நம்பரு போடு. கட்டுனத போட்டோ எடுத்து அனுப்பு, இவனுங்ககிட்ட காட்டணும். எனக்கு பதிலா ஒருத்தன் வந்தா என்ன வுட்ருவானுங்க. நான் வந்தப்பறம்தான் தமிழழகன வுட்டானுங்க.”

குரல் கம்மியிருந்தது. சளி இல்லை என்று இப்போது தெரியும்.

“டேய், வர்றவன் கதி இன்னாடா ஆவும்?”

“தெரியும்க்கா. தெரிஞ்சிதான் கேக்கறன். என்னால முடியலக்கா.”

ஃபோன் நின்றது. அம்மா எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். பற்ற வைக்காமல் திரும்பி வந்தாள்.

“போடுடி.”

“வேற வூட்டுப் புள்ளம்மா.”

“அந்தப் புள்ளைக்கு அவன் அம்மாக்காரி இருக்கறா, அவ பாத்துக்குவா. எனக்கு இருக்கறது ஒண்ணுதான.”

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் மேல் கோபம்கூட வரவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு குழந்தை காய்ச்சலில் கிடந்தால் கரும்புக் காட்டிலிருந்து நேராக அங்கே போகிறவள் என் அம்மா.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பேனர் கட்டுகிறேன், ஆனால் பொய் வைக்க மாட்டேன். எச்சரிக்கை என்று எழுதினால் அந்தப் படம் அங்கே போகும், தம்பியை அடித்தே கொன்றுவிடுவார்கள். அதனால் சுபாஷ் அனுப்பிய அதே படத்தைப் பின்னால் வைத்தேன். கம்பி ஜன்னல், மதில், உள்பக்கம் வளைந்த முள்கம்பி எல்லாம் அப்படியே. வானத்தின் நிறத்தைக்கூடத் தொடவில்லை. ஃபோன் நம்பரைப் போடவில்லை. கண் இருக்கிறவன் பார்த்தால் ஜெயில் என்று தெரிந்துகொள்வான், ஒருத்தனும் போக மாட்டான். அங்கே இருக்கிறவர்களுக்கோ பேனர் கட்டிய கணக்கும் ஆகிவிடும். இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாட்டுக்கு உண்மையான படம் வைத்தது அதுதான் முதல் தடவை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்கு முனைச் சந்திப்பில் கட்டினோம். பையன்கள் கூட்டமாக வந்து நின்று பார்த்தார்கள். நான் ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்று காது கொடுத்தேன்.

“சுபாஷ் கம்பெனிய பாருடா, எவ்ளோ பெரிய காம்பவுண்டு!”

“செம செக்யூரிட்டிடா. கம்பியெல்லாம் போட்டு வெச்சிருக்கான். உள்ள கோடிக்கணக்குல மிஷின் இருக்கும்.”

“இது நெட்ல எடுத்த பில்டிங் இல்ல மச்சான், ஒரிஜினல். ஒரிஜினல் போட்டோ போட்டிருக்காங்க பாரு. மலைய பாரு, செம லொகேஷன்.”

ஊதா வானமும் கடலும் வைத்தபோதுகூட எவனாவது ஒருத்தன், இது டூப்பு என்று சந்தேகப்பட்டிருப்பான். இதற்கு அதுவும் இல்லை.

மறுநாள் காலை பாரதி கடைக்கு வந்தான். என் அம்மாவோடு கரும்பு வெட்டப் போகும் குஞ்சம்மாளின் ஒரே மகன். பெயின்ட் அடிக்கிற வேலை, விரல் இடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

“அக்கா, சுபாஷ் நம்பர் குடுங்க. ஆளு எடுக்கறாங்களான்னு கேக்கணும்.”

அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்போர்ட்டைப் பிடுங்கியதையும், சோறு போடாததையும், அடியையும், தமிழழகனையும் சொன்னேன். படத்தைத் திரையில் பெரிதாக்கி முள்கம்பியைத் தொட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“ஜெயிலுன்னா ஏன்க்கா பேனர் கட்டி பொறந்தநாள் வாழ்த்து போட்டீங்க?”

பெரிதாக்கிய படத்தைத் திரும்பச் சிறிதாக்கினேன்.

“உங்க வூட்டுப் புள்ள மட்டும் மேல வரணும். பெயின்ட் அடிக்கறவன் இங்கியே பெயின்ட் அடிக்கணும். வுடுங்கக்கா, நான் பாத்துக்கறன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

அதோடு போயிற்று என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை குஞ்சம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் இருந்தன. வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“உன் தம்பி புண்ணியத்துல என் புள்ளைக்கு வேல ஆயிடுச்சிம்மா. டிக்கெட்டு அவங்களே போட்டுட்டாங்களாம். உங்க அம்மா நம்பர் குடுக்கலன்னா யாரு இதெல்லாம் செய்வாங்க?”

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா முறத்தில் இருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்த, அனுப்பாதீங்க,” என்றேன். “வேலையும் இல்ல ஒண்ணும் இல்ல. உள்ள வெச்சி அடிக்கறாங்க. சுபாஷ் அழுவறான். பாரதி போனா அவன வெச்சிக்கினு சுபாஷ வுட்ருவாங்க, அதுக்குத்தான் இதெல்லாம். உங்க காலுல வேணா வுழறன்.”

குஞ்சம்மாளின் பிடி தளர்ந்தது. அவள் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே வயலில் வருஷக்கணக்காகக் குனிந்தவர்கள். ஒருத்திக்குக் கால் மரத்தால் இன்னொருத்தி தேய்த்துவிடுவாள்.

“இன்னா சின்னப்பொண்ணு, இவ இன்னா சொல்றா?”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்து வந்து குஞ்சம்மாளின் தோளைத் தொட்டாள்.

“தம்பிய வுட்டுட்டு இருக்க முடியாம ஒளறிக்கினு இருக்கறா. வயசுப் பொண்ணு, தூக்கம் இல்ல. என் புள்ளய நானே கெட்ட எடத்துல வுட்டு வெச்சிருப்பனா? நீ தைரியமா அனுப்பு.”

குஞ்சம்மாள் நம்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் நானே நம்பியிருப்பேன். அவள் போன பிறகு அம்மா அந்தப் பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைக்கவில்லை, பழத்தையும் தொடவில்லை. மாட்டுக்குப் போடு என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து பாரதியின் கூட்டாளிகள் கடைக்கு வந்தார்கள். வாழ்த்தி வழியனுப்பும் பேனர் வேண்டும்.

“பின்னாடி அந்த சுபாஷ் பில்டிங்கே போடுக்கா. அதான் லாவோஸு.”

“நான் அடிக்க மாட்டேன், போங்கடா,” என்றேன். காரணமும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, முதலாளி எட்டிப் பார்த்தார். அவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டு இரண்டு கடை தள்ளிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கடை டிசைனர் ராதிகா ஃபோன் செய்தாள். “அக்கா, லாவோஸ் ஃபைல் உங்ககிட்ட இருக்குதாமே, கொஞ்சம் அனுப்புங்களேன். என் ஃபோல்டர்ல அந்த நாடு இல்ல.” தர மாட்டேன் என்று வைத்துவிட்டேன். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாதா? சந்திப்புக்கு ஆள் அனுப்பி, தொங்கிக்கொண்டிருக்கும் பேனரையே ஃபோனில் எடுத்து, சுபாஷை வெட்டி எறிந்துவிட்டு, கட்டடத்தை மட்டும் வைத்துக்கொள்வாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போக பஸ் ஏற வந்தபோது அந்தப் பேனர் கட்டியிருந்தது. புதுச் சட்டையில் பாரதி சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் அதே மஞ்சள் கட்டடம், அதே மலை. ராதிகா நல்ல வேலைக்காரி. வானத்தை நீலமாக்கியிருந்தாள். மதில் மேல் இருந்த கம்பி அழகாக இல்லை என்று சுத்தமாக அழித்துவிட்டிருந்தாள்.

அங்கே நிற்கும்போதுதான் ஃபோன் வந்தது. சுபாஷ். இந்தத் தடவை கிசுகிசுக்கவில்லை.

“அக்கா! ஒருத்தன் கன்ஃபார்ம் ஆயிட்டானாம்க்கா. அவன் வந்ததும் என்ன அனுப்பிடுவாங்களாம். பாஸ்போர்ட்டு எடுத்து டேபிள் மேல வெச்சிட்டாங்க, நானே பாத்தன். அம்மாகிட்ட சொல்லு, மீன் கொழம்பு வெக்கச் சொல்லு.”

எத்தனையோ மாதம் கழித்து அவன் சிரித்து முடித்த சிரிப்பைக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது சந்தோஷம். பாரதியின் முகத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு அப்படிச் சந்தோஷப்பட்டேன்.

“யாருக்கா வர்றான்? நமக்குத் தெரிஞ்சவனா?” என்று கேட்டான் சுபாஷ்.

ரிஷிவந்தியம் பஸ் வந்து நின்றது. “தெரியலடா,” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.